நடுவில் விழுந்த வெட்டு

786

கொழும்பு, புறக்கோட்டை
11-3-1935

அன்புள்ள லத்தீபா அக்காவுக்குத் தம்பி ஜமீல் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் ஜலால் மச்சானும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

மூன்று வருஷம் கழித்துக் கடிதம் வருகிறதே, என்ன ஆபத்தோ என்று பதறாதே. புறக்கோட்டையில் ஒரு ரத்தினக்கல் கடையில் வேலை பார்க்கிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மியூசியத்து வாசகசாலையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கேதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம் கிடைத்தது.

உசிலம்பட்டி விருமாண்டி அண்ணன் கிணறு வெட்டும்போது அகப்பட்டது என்று ஒரு சட்டி நிறைய வெள்ளிக்காசு நம் கடைக்குக் கொண்டுவந்தாரே, அதில் ஒரு ரகத்தை நான் உன்னிடம் காட்டினேன். ஒரு பக்கம் ஒரு ராஜாவின் தலை. மறுபக்கம் இரண்டு பையன்கள், ஆளுக்கொரு கேடயம், ஈட்டி. பத்துக் காசைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு ஜும்ஆவுக்குப் போனேன். திரும்பி வந்தால் பத்தும் உலைக்குள். மற்றது உனக்குத் தெரியும்.

அந்தப் பையன்கள் யார் என்று இப்போது கண்டுபிடித்துவிட்டேன். ரோமாபுரி இளவரசர்கள். பட்டத்துக்கு என்று வளர்த்து, பட்டம் ஏறாமலே செத்துப்போனவர்கள். அக்கா, நான் இப்போது இப்படிப்பட்ட இளவரசர்களின் காசைத்தான் சேர்க்கிறேன். இங்கே மண்ணில் கிடைக்கிற சின்னச் செப்புக்காசுகளில் இரண்டு பேர் அகப்பட்டுவிட்டார்கள். நம் ஊரில் கையில் பிடித்த அந்த இரண்டு பேர்தான் இல்லை.

விருமாண்டி அண்ணனிடம் ஒரே ஒரு காசாவது மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டு எழுதுவாயா? வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி,
ஜமீல்

*

786

மதுரை, கோரிப்பாளையம்
19-3-1935

தம்பி ஜமீலுக்கு அக்கா லத்தீபாவின் ஸலாமும் துஆவும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம். நீ உயிரோடு இருக்கிறாய் என்று உன் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், ரொம்ப சந்தோஷம்.

தபால்காரர் கடிதத்தைக் கொடுத்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து வாசித்துப் பார்த்தால், துரை அவர்கள் காசைப் பற்றி விசாரித்திருக்கிறார்! செத்து இரண்டாயிரம் வருஷம் ஆன பிள்ளைகளுக்கு ஒரு பக்கம். பெற்ற தகப்பனுக்கு "வீட்டில் எல்லோரையும்" என்று இரண்டு வார்த்தை. நல்ல கணக்குடா.

அத்தா பத்துக் காசை உருக்கினார், வாஸ்தவம். பழைய வெள்ளியை வாங்கி உருக்குவதுதான் அவர் தொழில். கடைக்கு வந்தது உலைக்குப் போகும் என்றுதான் அவருக்குத் தெரியும். நீ ஒதுக்கி வைத்ததை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் இந்த மூன்று வருஷம் மிச்சம். அவர் கை ஓங்கியதும் தப்பு, நீ ரயிலேறியதும் தப்பு.

சரி, உன் பையன்களைத் தேடித் தருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு கடிதத்திலும் அத்தா சுகமா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காத கடிதத்துக்குப் பதில் வராது. காசு கிடைத்தால் நீயே வந்து வாங்கிக்கொண்டு போ. எனக்கு நீ ஊருக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

எப்போதும் உன் நினைவாக இருக்கும்
அக்கா

*

786

கொழும்பு
2-4-1935

அக்காவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் மச்சானும் சுகமாக இருக்கிறீர்களா? அத்தா சுகமா? கேட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

பையன்களின் கதையைச் சொல்கிறேன். அண்ணன் பெயர் காயுஸ், தம்பி பெயர் லூசியுஸ். அகஸ்டஸ் சக்கரவர்த்திக்கு ஆண்பிள்ளை இல்லை. மகள் வயிற்றுப் பேரன்கள் இரண்டு பேரையும் தன் பிள்ளைகளாகவே எடுத்து வளர்த்தார். தன் காசிலேயே அவர்களை நிறுத்தி, எனக்குப் பிறகு இவர்கள்தான் என்று உலகம் முழுக்கச் சொல்லிவிட்டார். அந்தக் காசுதான் மிளகு வாங்க வந்த கப்பலில் ஏறி, எப்படியோ உசிலம்பட்டிக் கரிசலுக்குள் போய்ப் படுத்திருக்கிறது. தம்பி பத்தொன்பது நிறையுமுன் போய்விட்டான். அண்ணன் இருபத்துமூன்றில். இரண்டு பேரும் வீட்டில் சாகவில்லை, வெளியூரில்.

பையன்களின் தலைக்கு மேலே ஒரு கரண்டியும் ஒரு வளைந்த கோலும் இருக்கும். பூசைச் சாமான்களாம். காசு கிடைத்தால் அதை வைத்துச் சரிபார்.

என்னிடம் இருக்கிற இரண்டு பேரில் ஒருவன் கிறிஸ்பஸ். போர் ஜெயித்த பிள்ளை. அவனைக் கொன்றது அவன் தகப்பனாரின் உத்தரவு. தகப்பன்மார் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

விருமாண்டி அண்ணன் வந்தாரா?

ஜமீல்

*

786

கோரிப்பாளையம்
28-4-1935

தம்பிக்கு ஸலாம். நாங்கள் சுகம். வெயில்தான் தாங்கவில்லை, வைகையில் மணல் மட்டும்தான் ஓடுகிறது.

உன் கடிதத்தை அத்தாவிடம் நீட்டினேன். "நீயே வாசிம்மா" என்றார். வாசித்தேன். கிறிஸ்பஸ் வந்த இடத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது, அப்படியே கடைசி வரிக்குத் தாவிவிட்டேன். இனிமேல் இந்த மாதிரி வரிகளைத் தனித் தாளில் எழுது, என் தொண்டையாவது பிழைக்கும்.

வாசித்து முடித்ததும் அத்தா கேட்டார். "ரெண்டு பயலுகளும் போன பெறகு அந்தக் கெழவரு எம்புட்டு நாளு இருந்தாரு? கேட்டு எழுது." கேட்டுவிட்டேன். பதில் எழுது.

விருமாண்டி அண்ணன் போன வாரம் சந்தை முடிந்து மோட்டாரில் வந்தார். ஒரே ஒரு காசு மிஞ்சியிருக்கிறதாம். எங்கே என்று கேட்டேன். சிரித்தார்.

"ஏன் கேக்குற தாயி, அது எங்க வீட்டுக்காரி அன்னக்கொடி கழுத்துல கெடக்கு. வளையம் பத்தவச்சுக் கவுத்துல கோத்துக்கிட்டா. அந்த ரெண்டு பேரும் சோணைச்சாமியும் கருப்பசாமியுமாம். ஈட்டியப் பாரு, கேடயத்தப் பாருங்குறா. நானும் மண்டையில அடிச்சுச் சொல்லிட்டேன், கேக்கல."

"தலைக்கு மேல ஒரு கரண்டி இருக்காண்ணே?" என்றேன்.

"இருக்கே! அது சாமிக்குப் பொங்க கிண்டுற கரண்டியாம். சந்தேகமே இல்லைங்குறா."

உன் மியூசியமும் பூசைச் சாமான் என்றுதானே சொல்கிறது? அன்னக்கொடிக்கு அது புத்தகம் இல்லாமலே தெரிந்திருக்கிறது. கழுத்தில் கிடக்கும் சாமியை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்க மட்டும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா

*

786

கொழும்பு
9-5-1935

அக்காவுக்கு ஸலாம். எனக்கு இரண்டு நாள் ஜலதோஷம், இப்போது தேவலை. உங்கள் இருவரின் சுகத்துக்கும் எழுது. அத்தா சுகமா?

நிபந்தனைக்காகத்தான் கேட்கிறேன். மூன்று வருஷம் கழித்துப் பிள்ளை எழுதிய தாளைக் கையில் வாங்கிப் பார்க்கவும் அவருக்கு மனசில்லை, நீ வாசித்தால் போதும். என் கையெழுத்து அவர் கண்ணில் படக்கூடாதோ? போகட்டும். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

கிழவர் பத்து வருஷம் இருந்தார்.

இன்னும் கேள். காயுஸ் தூர தேசத்தில் சண்டையில் காயம்பட்டான். அதன்பிறகு அவனுக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. ராஜாங்கமும் வேண்டாம், ஊருக்கும் வரமாட்டேன், இங்கேயே எங்காவது கிடந்துகொள்கிறேன் என்று எழுதிவிட்டான். கிழவர் அவனை அதட்டவில்லை. வேலையை வேண்டுமானால் விட்டுவிடு, ஊருக்கு மட்டும் வா, வந்தபின் உன் இஷ்டப்படி இரு என்று கெஞ்சினாராம். உலகத்தையே ஆண்ட மனிதர், அக்கா!

அதற்கு முன்னே அவர் தன் பிறந்தநாளில் அவனுக்கு எழுதிய கடிதம் ஒன்றும் உண்டு. நீ பக்கத்தில் இல்லாத நாளெல்லாம் எனக்குக் குறைதான், இந்த மாதிரி நாளில் என் கண் உன்னைத் தேடுகிறது என்று எழுதியிருக்கிறார். அதை வாசித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அன்னக்கொடி அக்காவிடம் காசைக் கேட்காதே, பாவம். கையில் வாங்கினால் மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் பூப்போல மெதுவாகத் தேய். உருவம் தாளில் ஏறும். அது போதும் எனக்கு.

ஜமீல்

*

786

கோரிப்பாளையம்
20-7-1935

தம்பிக்கு அக்காவின் ஸலாம். பதில் தாமதமாகிவிட்டது. வீட்டில் அலைச்சல். பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஜலதோஷம் முழுக்கப் போய்விட்டதா?

அத்தாவைப் பற்றி நீ நினைப்பது சரியில்லை. அதற்கு மேல் என்னிடம் கேட்காதே.

அந்தச் சக்கரவர்த்தியின் கடிதத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த இடத்தை அத்தா என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். கண் தேடுகிறது என்ற இடத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அந்தக் கடுதாசி அந்தப் பயகிட்டப் போய்ச் சேந்துச்சா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? உன்னைத்தான் கேட்க வேண்டும்.

இனி உன் காசு. விருமாண்டி அண்ணனும் அன்னக்கொடியும் ஒரு உடைந்த தண்டையை விற்க வந்தார்கள். காசையும் கழற்றி எடுத்து வந்திருந்தார்கள். சொன்னது சொன்னபடி கேடயம், ஈட்டி, கரண்டி, கோல், இரண்டு பையன்கள். எவ்வளவு சின்னப் பிள்ளைகளடா! தாளில் தேய்த்து இதனுடன் வைத்திருக்கிறேன். பையன்களுக்கு நடுவில் ஒரு வெட்டு இருக்கிறது. பழைய வெட்டாக இருக்கும்.

வெட்டுப்பட்ட சாமியைக் கழுத்தில் போடக்கூடாது என்று சொல்லி, அன்னக்கொடி காசை நம் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆகவே காசு இப்போது உன்னுடையது. தபாலில் அனுப்பமாட்டேன். வந்து வாங்கிக்கொள்.

அக்கா

*

786

கொழும்பு
3-8-1935

அக்காவுக்கு ஸலாம். சுகமா என்று பிறகு கேட்கிறேன்.

நீ அனுப்பிய தாளை நாலு நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். கடையில் கல் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அது பழைய வெட்டு இல்லை. பழைய வெட்டின் கரை தேய்ந்து மழுங்கியிருக்கும். இதன் கரை தாளையே கிழித்திருக்கிறது. பழைய வெட்டென்றால் அன்னக்கொடி அக்கா இத்தனை நாள் எப்படிக் கழுத்தில் போட்டிருந்தாள்? வெட்டு விழுந்தது உங்கள் எதிரில்.

எந்த உளி என்றும் தெரியும். வெட்டின் ஒரு முனையில் எறும்பு கடித்த மாதிரி ஒரு பிசிறு இருக்கிறது. ஒன்பது வயதில் அத்தாவின் உளியைக் கல்லில் போட்டு மூலையை உடைத்தவன் நான்தானே? அன்றுமுதல் அது வெட்டியதிலெல்லாம் அந்தப் பிசிறு உண்டு.

முதலில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை கேட்ட காசு என்று தெரிந்தே வெட்டிப்போட்டார் என்று நினைத்தேன். ஒரு கடிதமும் எழுதினேன். நல்ல வேளை, அனுப்பவில்லை.

ஏனென்றால் வெட்டு இருக்கிற இடம் சரியில்லை. உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்க்க அத்தா எப்போதும் ஓரத்தில்தான் வெட்டுவார். முப்பது வருஷமாக அரிசி நுனி அளவுக்கு, ஒரே மாதிரி. இது நட்டநடுவில் விழுந்திருக்கிறது. கோபத்தில் வெட்டியிருந்தால் பையன்கள் மேல் விழுந்திருக்கும். இது ஓரத்தைத் தேடிப் போய் வழி தவறிய வெட்டு.

"நீயே வாசிம்மா" என்றார் என்று எழுதினாய். நான்தான் கர்வம் என்று படித்துக்கொண்டேன். அக்கா, அத்தாவின் கண்ணுக்கு என்ன? மறைக்காமல் சொல்.

ஜமீல்

*

786

கோரிப்பாளையம்
14-8-1935

என் தம்பிக்கு அக்காவின் ஸலாம். உன் மச்சானும் நானும் சுகம். அத்தா உடம்பு சுகம், கண் சுகமில்லை.

போன வருஷம் நோன்பிலிருந்தே மங்கல். உலை வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கெட்டது என்கிறார்கள். ஜூன் முழுக்க ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். அதுதான் நான் எழுதிய அலைச்சல். ரொம்பத் தாமதமாக வந்துவிட்டீர்கள் என்றுவிட்டார் டாக்டர். வெளிச்சம் தெரிகிறது, ஆள் நிழலாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

உன் முதல் கடிதம் வந்த அன்றே என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "கண்ணச் சொல்லி அவன வரவைக்காத. பாவம் பாத்து வர வேணாம். வந்தா அவனா வரட்டும்." நான் சொல்லவில்லை, நீயாகக் கண்டுபிடித்தாய். என் சத்தியம் தப்பித்தது. மனசும் லேசாகிவிட்டது, எத்தனை நாளைக்குத்தான் இருமிக்கொண்டே இருப்பேன்?

அன்று நடந்தது இதுதான். விருமாண்டி அண்ணன் தண்டையையும் காசையும் ஒரே துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். நான் அவர்களுக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். அத்தா முடிச்சை அவிழ்த்து, கையில் முதலில் அகப்பட்டதைக் கல்லில் வைத்து உளியைத் தட்டிவிட்டார். தண்டைத் துண்டு என்று நினைத்திருக்கிறார். அன்னக்கொடி "அய்யோ சாமி!" என்று கத்தினாள். காசைத் தடவிப் பார்த்ததும் அத்தாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மறுபடி மறுபடி விரலால் தடவினார். "ரெண்டு பேரும் இருக்காகளா? எவன் மேல பட்டுச்சு?" என்று கேட்ட குரலை நான் இதற்குமுன் கேட்டதில்லை.

அன்னக்கொடிதான் வாங்கிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல அண்ணே. நடுவுலதான் கோடு விழுந்துருக்கு. அவுக பாட்டுக்கு நிக்கிறாக" என்று அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். வெளியே வந்து என்னிடம், "ஒங்க தம்பி வாரப்ப அவன் கையில குடு தாயி" என்றாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ போன நாளிலிருந்து அத்தா ஒரு பழங்காசையும் உருக்கவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரி அடியில் வைத்திருக்கிறார். நாற்பத்தொன்று இருக்கிறது. யாருக்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்கா

*

786

கோரிப்பாளையம்
30-10-1935

தம்பிக்கு ஸலாம். சுகம்தானா? இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கடிதம் கிடைத்ததா என்றாவது எழுதக்கூடாதா? தபால்காரருக்கு இப்போது என்னைக் கண்டாலே பயம், தெரு மாறிப் போகிறார்.

நீ கண்டுபிடித்ததை அத்தாவிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "ஓரத்துல வெட்டுவேன்னு நெனப்புல வச்சிருக்கானா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். நேற்று அவரே கூப்பிட்டு, சொல்லச் சொல்ல எழுது என்றார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு சொல் மாற்றவில்லை.

"ஜமீலு, அத்தா சொல்றேன். அன்னைக்கி நீ ஒதுக்கி வச்சது எனக்குத் தெரியாதுடா. தெரிஞ்சிருந்தா போட்டுருக்க மாட்டேன். அடிச்சது என் தப்பு. ஒன்னய உலையில ஒக்காரச் சொல்ல மாட்டேன். கடைய மூடிட்டாலும் பரவால்ல. நீ ஒன் காசப் பாரு, பொஸ்தகத்தப் பாரு, என்னத்தையும் செய். ஊருக்கு மட்டும் வந்துட்டுப் போ. அந்தக் கெழவர் எழுதுனது போய்ச் சேந்துச்சான்னு நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல."

எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. உன் சக்கரவர்த்தி சொன்னதையேதான் இவரும் சொல்கிறார். அதை நினைத்துச் சொன்னாரா, தானாக வந்ததா, கேட்க எனக்குத் தைரியமில்லை. அடுத்த மாதக் கடைசியில் நோன்பு பிறக்கிறது.

அக்கா

*

தபால் கார்டு

786

தனுஷ்கோடி
24-11-1935

அக்காவுக்கும் அத்தாவுக்கும் ஜமீலின் ஸலாம். கடலில் கொஞ்சம் வாந்தி, மற்றபடி சுகம்.

பதில் எழுத உட்கார்ந்து எத்தனையோ தாளைக் கிழித்தேன். எழுதத் தெரியவில்லை. முதலாளியிடம் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அத்தா கேட்டதற்குப் பதில். பிறந்தநாள் கடிதம் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று என் கைக்கு வந்த புத்தகம் எதிலும் இல்லை. ஊருக்கு வா என்று சொல்லியனுப்பியது மட்டும் நிச்சயமாகச் சேர்ந்தது. உடனே கப்பலேறினான். பாதி வழியில் ஒரு துறையில் இறங்கியவன், அங்கேயே கண்ணை மூடிவிட்டான். கிழவர் கடைசிவரை அவனைப் பார்க்கவில்லை. இதை எழுத எனக்குப் பயமாக இருந்தது, அதனால்தான் இத்தனை நாள் பதில் சொல்லவில்லை. இப்போது பயமில்லை. நான் கடல் தாண்டிவிட்டேன், அத்தா.

எதிரே ரயில் நிற்கிறது. இந்தக் கார்டை அதன் தபால் வண்டியிலேயே போடுகிறேன், ஆகவே கார்டும் நானும் ஒன்றாகத்தான் வருகிறோம். இது முன்னால் வந்தால், அக்கா, நீ அத்தாவுக்கு வாசி. நான் முன்னால் வந்துவிட்டால் நானே வாசித்துக் காட்டுகிறேன்.

ஜமீல்